ஓடுறது இருக்கட்டும், நிக்குமா?

உத்தமபாளையம் பைபாஸ் ஓரத்தில் ஒரு வொர்க்‌ஷாப். ஞாயிற்றுக்கிழமை காலை. இன்ஜினியரிங் முடித்த பையன் ஒருவன் தன் பழைய ஹேட்ச்பேக் காரை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் செல்போனில் படம் காட்டிக்கொண்டிருந்தான். வாய் அகன்ற சைலன்சர், கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஒரு புரோகிராம். அடுத்த மாதம் கோவையில் டிராக் டே இருக்கிறதாம். கிளட்ச் வேலைக்கு ஜீப்பை விட்டிருந்த டிரைவர் ஒருவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக் கம்பம் மெட்டு ஏறி இறங்கியே தலை நரைத்தவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஓடுறது இருக்கட்டும் மாப்ள, நிக்குமா?” என்றார்.

பையன் சிரித்துவிட்டான். ஆனால் பந்தயத் தடத்துக்குக் கார் தயார் செய்கிறவர்கள் பணத்தையும் பம்பரையும் இழந்த பிறகு கற்கிற பாடம் அது.

நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தபின், எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலும் இந்த ஆசை கூடியிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இது புது ஆசையும் இல்லை. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்திலேயே கார்ப் பந்தயம் நடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் தனித் தடமே அமைத்தது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சொந்தக் காரைக் கொண்டுபோய், எதிரே லாரி வராத இடத்தில், தன் நேரத்தைத் தானே முந்திப் பார்க்க வாய்ப்பு உண்டு. அதற்குக் காரில் எதை முதலில் மாற்றுவது என்பதுதான் கேள்வி.

இரண்டரை நொடியில் 320 குதிரை

டிரைவரின் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். ஆளோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 144 கிலோமீட்டரில் வருகிறது. வளைவுக்கு முன் 72க்கு இறங்க வேண்டும். இயக்க ஆற்றல் கணக்குப்படி 6 லட்சம் ஜூல் வெளியேற வேண்டும். நல்ல டயரோடு அழுத்திப் பிடித்தால் இது இரண்டரை நொடி வேலை. திறனாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 320 குதிரைத்திறன். இன்ஜின் 100 குதிரைதான். அந்த இரண்டரை நொடியில் பிரேக் அதைப்போல மூன்று இன்ஜின்களின் வேலையைச் செய்கிறது. காரிலேயே மிகுந்த திறனுள்ள உறுப்பு பிரேக்தான். அதைப் படம் பிடித்துக் காட்டத்தான் ஆளில்லை.

அந்த ஆற்றல் எங்கே போகிறது? வெப்பமாகிறது. முன்சக்கரங்களே பெரும்பங்கைச் சுமக்கின்றன. 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்க டிஸ்க் இரண்டும் சேர்ந்து 10 கிலோ இரும்பு என்றால், ஒரு தடவை அழுத்தினாலே அவற்றின் வெப்பநிலை 90 டிகிரி ஏறிவிடும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு. நாலு சுற்று முடிவதற்குள் டிஸ்க் நீலம் பாய்ந்து நிற்கும். கருகிய ரெசின் வாடை உள்ளே அடிக்கும்.

இந்த வாடை நமக்குப் பழக்கமானது. குமுளி மலையிறங்கி லோயர் கேம்ப்பில் மூச்சு வாங்கும் லாரிகளின் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். 2000 கிலோ ஜீப் ஒன்று 500 மீட்டர் உயரம் இறங்கினால் கழிய வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய ஒரு கோடி ஜூல். பந்தயக் கார் 16 முறை பிரேக் பிடிப்பதற்குச் சமம். டிரைவர் அதை அரைமணி நேரத்தில் பரப்பிக் கழிக்கிறார். ஏறின கியரிலேயே இறங்கி, பெரும்பங்கை இன்ஜின் தலையில் கட்டுகிறார். தடத்தில் அந்தச் சலுகை கிடையாது. அதே ஒரு கோடியை சில சுற்றுகளிலேயே பிரேக் விழுங்கியாக வேண்டும்.

விழுங்க முடியாவிட்டால் இரண்டு விதமாகக் கைவிடும். ஒன்று, பேட் தேறாது. சாலைக்கென்று செய்த பிரேக் பேட் ஒரு சூட்டைத் தாண்டினால் வழுக்கத் தொடங்கும். மிதி கல்லாக நிற்கும், கார் நிற்காது. இன்னொன்று இதைவிடக் கொடியது. பிரேக் ஆயில் கொதித்துவிடும். திரவத்தை அமுக்க முடியாது என்பதால்தான் கால் கொடுக்கும் அழுத்தம் சக்கரம் வரை போகிறது. கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், அழுத்தம் முழுதும் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். மிதி தரை தொடும், கார் போய்க்கொண்டே இருக்கும்.

டப்பாவில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று அச்சடித்திருப்பது இதைக் குறிக்கத்தான். புதிதாக இருக்கையில் இவற்றின் கொதிநிலை முறையே 205, 230, 260 டிகிரிக்குக் குறையக் கூடாது. ஆனால் இந்த எண்ணெய்க்கு உப்பைப் போல ஈரம் இழுக்கும் குணம். கிட்டத்தட்ட நாலு சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே எண்கள் 140, 155, 180 வரை சரியலாம். இரண்டு மழைக்காலம் கண்ட எண்ணெயோடு தடத்துக்குப் போவது தீபாவளி வெடியை மடியில் கட்டிக்கொண்டு போவதுதான். அதனால் முதல் செலவு பெரிய டிஸ்க்குக்கு அல்ல. புது பிரேக் ஆயில் ஊற்றி முழுதாக ஏர் எடுப்பது, சூடு தாங்கும் பேட் போடுவது, முடிந்தால் முன் பம்பரிலிருந்து டிஸ்க்குக்குக் காற்று போக ஒரு குழாய். இவையெல்லாம் மலிவான வேலைகள்தான்.

நாலு உள்ளங்கை ரப்பர்

காரும் தரையும் தொட்டுக்கொள்வது நாலே இடத்தில். ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவு. ஓடுவது, நிற்பது, திரும்புவது மூன்றும் அந்த நாலு உள்ளங்கை வழியாகத்தான்.

50 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்று. சாதாரண டயரின் உராய்வுக் கெழு 0.9 என்று வைத்தால், மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் அதில் திரும்ப முடியாது. இன்ஜினில் எத்தனை குதிரை கட்டினாலும் அந்த எல்லை நகராது. 1.2 கெழு தரும் மென்மையான தட டயர் போட்டால் எல்லை 87க்கு ஏறும். வளைவில் கிடைத்த அந்த 12 கிலோமீட்டர் அடுத்த நேர்த்தடம் முழுக்கக் கூடவே வரும்.

டயர் மாற்ற வசதியில்லாதவருக்கும் காற்று பார்க்க வசதி உண்டு. 27 டிகிரியில் 30 பிஎஸ்ஐ பிடித்த டயருக்குள் காற்று 77 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் 37ஐத் தொடும். பள்ளியில் படித்த வாயு விதிதான். டயர் நடுவில் புடைத்து, ஓரங்கள் தரையைச் சரியாகத் தொடாது. அனுபவசாலிகள் குறைவாகப் பிடித்துக்கொண்டு போய், நாலு சுற்று ஓட்டி வந்ததும் சூடாக இருக்கையிலேயே அளந்து சரிசெய்வார்கள். கையில் ஒரு கேஜ் இருந்தால் போதும்.

தட்டான்சிட்டும் கரிச்சானும்

கம்பம் பள்ளத்தாக்குக்காரனுக்குப் பந்தயத்தில் எடை என்ன செய்யும் என்று வகுப்பெடுக்க வேண்டியதில்லை. நம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று மாட்டின் அளவுக்கேற்பப் பிரித்துவிடுகிறோம். தட்டான்சிட்டைப் பெரிய மாட்டோடு ஓடவிடுவதில்லை. கார்ப் பந்தயத்தில் இன்ஜின் சிசியும் அனுமதித்த மாற்றங்களும் வைத்துப் பிரிப்பது அதே நியாயம்தான். பந்தய வண்டியைப் பாருங்கள்: பாரவண்டியின் பலகையோ கூண்டோ அதில் இருக்காது.

1000 கிலோ கார், 100 குதிரை. ஸ்டெப்னி, ஜாக்கி, பின்சீட், டிக்கியில் கிடக்கும் சாமான் என்று 50 கிலோவை இறக்கினால், முடுக்கத்துக்கு அது ஐந்து குதிரை சேர்த்ததற்குச் சமம். செலவே கிடையாது. இன்ஜினில் சேர்த்த ஐந்து குதிரை நேர்த்தடத்தில் மட்டுமே உதவும். இறக்கிய 50 கிலோ பிரேக் பிடிக்கையிலும் உதவும், வளைவிலும் உதவும். டயருக்கு ஒரு குணம் உண்டு: சுமை இரட்டிப்பானால் பிடிப்பு அதே அளவு இரட்டிப்பாவதில்லை. இளைத்த கார் ஒட்டிப் பிடிப்பது அதனால்தான்.

இதை நம் ஊரில் கண்டுகொண்டவர் கோவை கரிவரதன். லக்ஷ்மி மில்ஸ் குடும்பத்துக்காரர். 1980களின் கடைசியில் மாருதி 800இன் மூன்று சிலிண்டர் இன்ஜினை எடுத்து, இலகுவான ஒற்றை இருக்கைச் சட்டத்தில் பொருத்தினார். சந்தைக்குப் போய்வரும் இன்ஜின் பந்தயக் கார் ஆனது. ஃபார்முலா மாருதி என்ற அந்த வண்டியில் ஒரு தலைமுறையே ஓட்டக் கற்றது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டியவர்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையம் தடத்துக்கு அவர் பெயர்தான்.

ஸ்பிரிங்கை வெட்டாதே

வளைவில் கார் வெளிப்பக்கம் சாய்வது எல்லோருக்கும் தெரியும். 1000 கிலோ கார், சக்கரங்களுக்கிடையே ஒன்றரை மீட்டர் அகலம், எடைமையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் என்றால், டயர் தாங்கும் எல்லையில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து 330 கிலோ வெளிப்பக்கத்துக்கு மாறிவிடும். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் இந்த மாற்றம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. சாய்வு குறையும், டயர் நிமிர்ந்து தரையை முழுதாகத் தொடும். எடை மாற்றம் அப்படியே இருக்கும். அதைக் குறைக்க எடைமையம் இறங்க வேண்டும் அல்லது அகலம் கூட வேண்டும்.

உடனே ஸ்பிரிங்கை அறுத்துக் காரைத் தாழ்த்தும் வைத்தியம் நம்மூர்களில் நடக்கிறது. அறுத்த ஸ்பிரிங் இருப்பிடத்தில் சரியாக உட்காராது. பழைய ஷாக் அப்சார்பருக்கோ அந்தக் கெட்டித்தனத்தை அடக்கத் தெரியாது. மேட்டில் ஏறி இறங்கும்போது சக்கரம் துள்ளும். துள்ளுகிற சக்கரத்துக்குப் பிடிப்பு பூஜ்யம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியாகச் செய்யப்பட்டவை, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

இன்ஜின் வரிசையின் கடைசியில்

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இன்ஜினைக் கூட்டுவது என்றாலே அதிகக் காற்றை உள்ளே அனுப்புவதுதான். ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாற்றினால் டர்போ இல்லாத காரில் சத்தம் நிறையவும் திறன் கொஞ்சமாகவும் ஏறும். டர்போ காரில் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றினால் காற்றழுத்தம் கூடி நிஜமாகவே திறன் ஏறும். கூடவே சூடும் ஏறும். 20 டிகிரிக் காற்றைவிட 40 டிகிரிக் காற்று ஆறு சதவீதத்துக்கு மேல் அடர்த்தி குறைந்தது. குளிர்நாட்டில் எழுதிய புரோகிராமை சித்திரை வெயிலில் இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டினால் இன்ஜின் தட்டும், பிஸ்டன் போகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆடி மாதக் காற்றில் உத்தமபாளையத்திலிருந்து கம்பத்துக்கு பைக் ஓட்டியவர்களுக்கு அது உடம்பிலேயே தெரியும். காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். உச்சவேகத்தை 160இலிருந்து 176 ஆக்க, மூன்றில் ஒரு பங்கு திறன் கூடுதலாக வேண்டும். அத்தனை செலவும் நேர்த்தடத்தின் கடைசிச் சில நொடிகளுக்காக. டயர் மாற்றி வளைவில் வாங்கிய 12 கிலோமீட்டரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்படி அமைப்பையே மாற்றிய காரைச் சாலையில் ஓட்டக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது 189ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். முழுதாக மாற்றிய காரை லாரியில் ஏற்றித்தான் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போடி மெட்டும் மேகமலையும் கொண்டை ஊசி வளைவுகளால் கையை அரிக்க வைக்கும்தான். அங்கே எதிரே தேயிலைத் தோட்டத்துக்காரரும் பள்ளிப் பிள்ளையும் வருவார்கள்.

வொர்க்‌ஷாப்பில் பேச்சு சைலன்சர் விலையில் வந்து நின்றபோது ஜீப் டிரைவர் எழுந்தார். கேட்டுவிட்டு பையனின் கார் பானெட்டைத் தூக்கினார். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகி, உள்ளே விரல் நுனியை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது கடுங்காப்பி நிறத்தில் சொட்டியது.

“இத எப்ப மாப்ள மாத்துனே?”

பையன் மெக்கானிக்கைப் பார்த்தான். மெக்கானிக் பையனைப் பார்த்தார்.