பச்சை உடம்புக்காரிக்கு யார் தண்ணி ஊத்துவது?

நமுனுகுல மலையடியில், கனவரல்ல, கோணக்கலை பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒருத்தி பிள்ளை பெற்றிருக்கிறாள் என்றால், அந்தக் காலத்தில் லயத்துக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும். பூண்டும் மிளகும் நல்லெண்ணெயில் வதங்கும் வாசம் இஸ்தோப்பு வரைக்கும் வரும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும். நடுவில் ஒற்றைச் சுவர்தான். ராத்திரி பிள்ளை வீரிட்டால் அடுத்த காம்பராவில் அடுப்பு எரியத் தொடங்கும்.

தண்ணி ஊத்துவதற்கென்றே லயத்தில் ஒரு கிழவி இருப்பாள். முதல் நாளே விறகுக்குக் கவ்வாத்து மிலாறு கட்டிக்கொண்டு வந்து போட்டுவிடுவார்கள். நொச்சியும் வேப்பிலையும் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கிடைத்த தழை. அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் விளாவி, பெற்றவளைப் பலகையில் உட்காரவைத்து, இடுப்பிலும் முதுகிலும் ஓங்கி ஓங்கி அடித்து ஊற்றுவாள். பெற்றவள் கத்துவாள். "கத்து தாயி, இப்ப கத்துனாத்தான் நாளைக்குக் கூடை தூக்கலாம்" என்பாள் கிழவி. பிறகு பழைய சேலையைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டுவாள். அதற்கப்புறம் காலை நீட்டி உட்கார்ந்து, கெண்டைக்கால்களுக்கு நடுவே பிள்ளையைக் கிடத்தி, உள்ளங்கையால் தண்ணீரை மறித்து மறித்து ஊற்றுவாள். கண்ணில் ஒரு சொட்டுப் படாது. கூலி என்று எதுவும் கிடையாது. கொஞ்சம் வெற்றிலை, முடிந்தால் தீட்டுக் கழிக்கும் அன்று ஒரு சேலை.

இதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும் என்று நா வறளவிட்டார்கள். பத்தியம் என்ற பெயரில், பால் சுரக்க வேண்டியவளுக்குக் காய்கறியைக்கூட மறுத்தார்கள். உதிரம் நிற்காதவளைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிய ஆண்களும், லொறி வருவதற்குள் அவளை இழந்த குடும்பங்களும் எந்தத் தோட்டத்தில் இல்லை? பிள்ளைப்பேற்று நன்மைச் சட்டம் 1939-இல் வந்தது. பேற்றுக்கு முன் இரண்டு கிழமை, பின் நான்கு கிழமை, அவ்வளவுக்குத்தான் காசு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிள்ளை வார்டு இருந்தால், அந்தக் காசில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு சாப்பாடும் கட்டிலுமாகக் கொடுக்கவும் சட்டம் இடம் விட்டது. நாலாம் கிழமை முடிந்ததும் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் போட்டுவிட்டு மலை ஏற வேண்டியதுதான். மார் கட்டி நெஞ்சு நனைய நனைய நிரை பிடித்தவர்கள் அவர்கள்.

ஆனாலும் அந்த ஒரு மாதம் அவளைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆட்கள் எப்படிப் போனார்கள் என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை.

1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களான நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று ஆளைத் தலையால் எண்ணிப் பிரித்தது. கப்பலேறத் தலைமன்னாருக்குப் போன ரயிலில் ஏறியவர்களில் எத்தனையோ தாய்மார் இருந்தார்கள். தாய் அங்கே கூடலூரிலோ கோத்தகிரியிலோ. மகள் இங்கே, நிறைமாதத்தோடு. கடுதாசி வருவதற்குள் பிள்ளை தவழத் தொடங்கிவிடும். அந்தத் தலைமுறைப் பெண்கள் தாய்மடி இல்லாமல் பெற்றார்கள். அந்தக் குறையை முடிந்தவரைக்கும் ஈடுகட்டியது பக்கத்துக் காம்பராதான்.

இன்றைக்கு வருவோம். பிரசவம் பசறை ஆஸ்பத்திரியில், சிக்கல் என்றால் பதுளைப் பெரியாஸ்பத்திரியில். லயத்தில் பிள்ளை பெறுவது கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது. இதைவிடப் பெரிய மாற்றம் நம் பெண்களுக்கு வேறு இல்லை. குடும்பநல மிஸ்ஸி கார்டோடு வீட்டுக்கே வருகிறார். 1973-இல் தொடங்கிய திரிபோஷா சத்துமா, பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் கொடுப்பவளுக்கும் பொதியாகக் கிடைக்கிறது. 2015-இல் கர்ப்பிணிகளுக்கு 20,000 ரூபாய்ப் போஷாக்குக் கொடுப்பனவும் வந்தது. லீவு 12 கிழமை. முன்பு மூன்றாம் பிள்ளைக்கு அதில் பாதிதான். 2018-இல் அந்த வேற்றுமையையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்கப் போகவும் உரிமை உண்டு. இவற்றில் பெரும்பகுதி அப்போதே இருந்தும், 2016-இல் எடுத்த மக்கள்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பில் தோட்டப் பகுதிப் பிள்ளைகளில் 31.7 சதவீதம் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது சுமார் 17 சதவீதம்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி, திரீவீலரில் வந்து இறங்குகிறாள். வீட்டில் யார்? புருசன் கொழும்பில் கடையில். தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள்; இல்லாவிட்டால் இன்னும் பேர் போட்டுக் கொழுந்தெடுக்கிறாள், ஒரு நாள் நின்றால் ஒரு நாள் சம்பளம் போகும். சில தோட்டங்களில் ஏழு பேர்ச்சில் தனிவீடு வந்திருக்கிறது. அது வேண்டும், லயத்துக்குத் திரும்பு என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி பிள்ளை அழுதால் கேட்கிற சுவர் இப்போது இல்லை. வயிறு அறுத்துப் பெற்றவள் மூன்றாம் நாள் தானே குனிந்து விறகடுப்பை ஊதுகிறாள். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற தகப்பனுக்காவது மூன்று நாள் லீவு உண்டு. தோட்டத்திலும் கடையிலும் வேலை செய்கிற தகப்பனுக்குச் சட்டத்தில் அதுவும் இல்லை.

இன்னொரு கவலையும் இருக்கிறது. லீவுச் சம்பளம் செக்ரோல் என்ற வேலைப்பதிவில் பேர் உள்ளவளுக்குத்தான். அதுவும் முந்தின ஒரு வருசத்தில் 150 நாள் வேலை செய்திருந்தால். இப்போது கொழுந்தைக் கிலோவுக்குக் கைக்காசாக எடுக்கிறார்கள். தேயிலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வெளியார் முறையும் பரவுகிறது. இந்த வழியில் உழைக்கிற பெண்ணுக்கு 12 கிழமை என்பது காகிதத்தில்தான். நிறைமாதத்திலும் சாக்கைக் கட்டிக்கொண்டு இறங்குகிறாள். பெற்ற மறு மாதமே மறுபடி இறங்குகிறாள். 1939-க்கு முந்தின நிலைமையும் இதுதானே?

சம்பளம் என்று பேச்சு நடக்கிற மேசையில் இதையும் வைக்க வேண்டும். கைக்காசுக்காரிக்கும் பேற்றுக்காலச் சம்பளம் வேண்டும். பெற்றவளின் தாயோ மாமியோ தோட்டத்தில் வேலை செய்கிறவராக இருந்தால், அவருக்குப் பத்து நாள் பேர் போட்டு, சம்பளத்தோடு வீட்டில் இருக்கவிட வேண்டும். தண்ணி ஊத்தவும் சோறாக்கவும் பிள்ளையை ஏந்தவும் கை தெரிந்த பெண்கள் லயத்துக்கு லயம் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பத்து நாளும் அவர்கள் வேலைப் பெரட்டுக்குப் போகாமல் இருந்தால் போதும்.