நோன்பு நாளில் கல்லீரல்

ரமலான் மாதத்துப் பிற்பகல். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் ஒருவர் தலையில் பழக்கூடையோடு நடக்கிறார். விடியுமுன் சஹர் சாப்பிட்டவர். அதன்பின் ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை. ஆனாலும் கால் தடுமாறவில்லை, விலை கேட்டவருக்குச் சில்லறைக் கணக்கும் பிசகவில்லை. எதை எரித்து நடக்கிறார்?

நம் ரத்தத்தில் ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை. மூளைக்கு மட்டும் நாளுக்கு ஏறக்குறைய 120 கிராம் வேண்டும். அந்த ஒரு டீஸ்பூன் தீராமல் நாள் முழுக்கக் காப்பது கல்லீரல்.

சஹர் செரித்தபோது கணையம் இன்சுலினைச் சுரந்தது. கல்லீரல் குளுக்கோஸைக் கிளைகோஜனாகக் கோத்துச் சேமித்தது. அங்கே ஏறக்குறைய 100 கிராம் அடங்கும். இன்சுலின் இறங்கி, அதற்கு எதிராக வேலை செய்யும் குளுகோகான் என்ற ஹார்மோனின் கை ஓங்கியதும் அதே கல்லீரல் சேமிப்பை உடைத்து ரத்தத்தில் விட்டது. தசையிலும் கிளைகோஜன் நிறைய உண்டு. ஆனால் அதைக் குளுக்கோஸாக வெளியே அனுப்பும் நொதி தசையில் கிடையாது. தசையின் இருப்பு தசைக்கே.

பிற்பகலில் இருப்பு குறையக் குறைய, உடலின் கொழுப்பு கரைந்து கொழுப்பு அமிலங்களாக வருகிறது. தசை அவற்றை எரித்து, குளுக்கோஸை மூளைக்கு விட்டுக்கொடுக்கிறது. கல்லீரலோ லாக்டேட், கிளிசரால், அமினோ அமிலங்களிலிருந்து புதுக் குளுக்கோஸே செய்கிறது.

கொழுப்பைச் சேர்ப்பதும் எரிப்பதும் ஒரே செல்லில் மோதிக்கொள்ளாதா? அதற்கொரு காவல் உண்டு. கொழுப்பு உருவாகும் வழியில் மலோனைல் கோ-ஏ என்ற இடைப்பொருள் பிறக்கிறது. அது மிகுந்திருக்கும்வரை, கொழுப்பு அமிலம் எரியும் இடமான மைட்டோகாண்ட்ரியாவின் வாசல் அடைத்தே கிடக்கும். இன்சுலின் இறங்கினால் அதுவும் குறையும், வாசல் திறக்கும். சேர்க்கும் வேளையில் எரிப்பதில்லை, எரிக்கும் வேளையில் சேர்ப்பதில்லை. இரண்டும் மோதிக்கொள்ளாமல் இருப்பது இந்த ஒழுங்கால்தான்.

மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்கிறது. பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி. சில நிமிடங்களில் இன்சுலின் ஏறுகிறது. கல்லீரல் கொடுப்பதை நிறுத்தி வாங்கத் தொடங்குகிறது.

இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு இந்த ஒழுங்கு தானாக நடக்காது. ஊசியில் போன மருந்துக்கு வயிறு காலி என்பது தெரியாது. கல்லீரல் கொடுக்க வேண்டிய நேரத்திலும் அதன் கையைக் கட்டிப்போடும். ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி ஆளையே சாய்த்துவிடலாம். ஊசி போடுபவர் நோன்பு வைக்க நினைத்தால், ரமலான் பிறை பார்ப்பதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.