கேட்காமல் செய்த நன்மை



ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஆண்டவரின் உருமாற்ற விழாவைக் கொண்டாடுகிறோம். மலைமீது ஒளிர்ந்த அவரது முகத்தைப் பற்றி மறையுரை ஆற்றுகிறோம். 2001-ஆம் ஆண்டு அதே நாளில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், பொழுது விடியும் வேளையில் ஒரு கொட்டகை தீப்பற்றி எரிந்தது. மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் விடுதி அது. உள்ளே இருந்தவர்கள் இரும்புச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பகைவர்கள் அல்லர். பெற்ற தாய், உடன்பிறந்த அண்ணன், கட்டிய கணவர். தர்காவின் அருகில் தங்கினால் குணமாகும் என்று நம்பி, பணமும் கட்டிவிட்டுப் போனார்கள். ஓடிப்போய்விடக் கூடாது, தங்களையே காயப்படுத்திக்கொள்ளக் கூடாது என்பதுதான் சங்கிலிக்குச் சொல்லப்பட்ட காரணம். பாதுகாப்புக்காகப் போட்ட சங்கிலியே அவர்களைக் கொன்றது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட விடுதிகள் மூடப்பட்டன. 2007-இல் அந்த விடுதியின் உரிமையாளர் சிறைத்தண்டனை பெற்றார்.

காரைக்காலில் இருக்கும் நமக்கு ஏர்வாடி தொலைவில் இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அதற்கும் தெற்கே வேளாங்கண்ணி. மதம் பாராமல் நோயாளிகளை அழைத்துக்கொண்டு மக்கள் வந்துசேரும் கடற்கரை இது. திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு, கூட்டிப்போக ஆளில்லாமல் திருத்தலங்களில் நின்றுகொண்டிருப்பவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். சங்கிலி வெளியூரில்தான் இருக்கிறது என்றும் எண்ண வேண்டாம். பின்கட்டு அறையில் வெளியே தாழ்ப்பாள் போட்டு வைக்கப்பட்டிருப்பவர்கள் நம் தெருக்களிலும் இருக்கலாம்.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், கல்லறைகளிடையே வாழ்ந்த ஒரு மனிதரைச் சந்திக்கிறோம். ஊரார் அவரை விலங்கிட்டுப் பார்த்தார்கள், பயனில்லை. இயேசு அவரிடம் பெயர் கேட்கிறார். அதே நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் பர்த்திமேயு வருகிறார். அவர் பார்வையற்றவர், அவருக்கு என்ன தேவை என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனாலும் தமக்கு என்ன வேண்டும் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறார் ஆண்டவர். தெரிந்ததை ஏன் கேட்க வேண்டும்? இந்தக் கேள்வி நமக்குப் புரிய நீண்ட காலம் ஆயிற்று.

நம் நாட்டுச் சட்டமும் தாமதமாகத்தான் இந்த இடத்துக்கு வந்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. ஒருவர் எடுக்கும் முடிவு நமக்குத் தவறாகப் படுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்ல முடியாது என்றும் கூறுகிறது. நோய் முற்றினால் தமக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கவும் வழி செய்கிறது. ஆதரவின்றித் தெருவில் அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது காவல்துறையின் கடமை.

பிரான்சில் உறவினர் உள்ள நம் குடும்பங்கள் 'குராத்தேல்', 'துய்தேல்' என்ற சொற்களைக் கேட்டிருப்பார்கள். தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கு நீதிமன்றம் ஏற்படுத்தும் துணையும் பொறுப்பாளரும்தான் அவை. 2009 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, மருத்துவச் சான்று இல்லாமலோ, பொதுவாகச் சம்பந்தப்பட்டவரின் பேச்சைக் கேட்காமலோ நீதிபதி அந்த முடிவை எடுப்பதில்லை. அதுவும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே. 2019 முதல் துய்தேலில் இருப்பவர்களும் வாக்களிக்கலாம். கை பிடித்து நடத்த வேண்டியவர் என்பதற்காகக் குடிமகன் இல்லை என்று ஆகிவிடுவாரா?

நம் ஊரிலோ, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த 'சொல்தா' ஒருவரின் வயதான விதவைக்கு ஓய்வூதியம் வருகிறது என்றால், வங்கி அட்டை யார் கையில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆண்டுக்கொரு முறை உயிர்ச்சான்றுக்காக மட்டும் நல்ல சேலை கட்டி அழைத்துப்போகிறார்கள். மற்ற நாளில் வெற்றிலைக்குக்கூட மருமகளிடம் கை நீட்ட வேண்டும். எல்லா வீட்டிலும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் இது அன்பு அல்ல, திருட்டு. அடியோ பட்டினியோ இருந்தால், "அது அவர்கள் குடும்ப விஷயம்" என்று ஒதுங்குவது உரிமையை மதிப்பதாகாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டம் (2007) கோட்ட அதிகாரி நிலைக்குக் குறையாதவர் தலைமையில் தீர்ப்பாயம் அமைத்துள்ளது. பார்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனையுடன் சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய முடியும். நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைப்பது நல்லது. முதியோர் உதவிக்கு 14567, மனநல உதவிக்கு 14416 என்ற எண்கள் உள்ளன.

திருச்சபையும் இதற்கு வெளியே இல்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்டு 2023-இல் திருத்திய 'வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி' ஆணை, சிறுவர்களோடு நலிந்த நிலையில் உள்ள வயதுவந்தோரையும் சேர்த்துப் பேசுகிறது. அவர்களுக்கு எதிராகத் திருச்சபைக்குள் நடக்கும் பாலியல் குற்றம் தெரியவந்தால் அதை அறிவிப்பது குருக்கள், துறவியரின் கடமை. நம்மிடம் நம்பிக்கையோடு வருபவர் நம்மை எதிர்க்க முடியாத நிலையில் இருக்கிறார் என்பதை நாம்தான் முதலில் உணர வேண்டும்.

நாம் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். மழைக்கு வீடு ஒழுகும். இரண்டு முறை வழுக்கி விழுந்தார். வெளிநாட்டிலிருந்த மகன் தொலைபேசியில் கெஞ்சினார். வின்சென்ட் தே பவுல் சபையினரும் நாமும் சேர்ந்து, "மருத்துவமனைக்குப் போய் வரலாம்" என்று சொல்லி வேனில் ஏற்றி, முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டோம். பொய்தான். நல்லதற்குச் சொன்ன பொய் என்று நினைத்தோம். அந்த ஞாயிறு திருப்பலியில் சபையினருக்கு நன்றிகூடச் சொன்னோம்.

கிறிஸ்மஸ் கேக்குடன் பார்க்கப் போனபோது, சாப்பாட்டைப் பற்றியோ படுக்கையைப் பற்றியோ பாட்டி ஒரு குறையும் சொல்லவில்லை. "ஓட்டை மாத்தித் தாங்கன்னுதானே சாமி கேட்டேன். நீங்க என்னையே மாத்திட்டீங்க" என்றார். யோசித்துப் பார்த்தோம். உண்மையிலேயே கேட்டிருந்தார், இரண்டு முறை.

பொங்கலுக்கு முன் ஓடு மாற்றி, அவரைத் திரும்ப அழைத்துவந்தோம். அன்பியத்தார் காலையும் மாலையும் எட்டிப் பார்த்தார்கள். அவர் சம்மதத்தோடு பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருந்தது. எட்டு மாதம் கழித்து மறுபடி விழுந்தார். எங்களுக்குப் பகீரென்றது. மகன் கோபப்பட்டார், அதில் நியாயமும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டதால் பாட்டி பிழைத்தார். மருத்துவமனையிலிருந்து வந்ததும், "இனி முடியாது சாமி, அந்த இல்லத்துக்கே போறேன்" என்று அவரே சொன்னார். தம் பெட்டியைத் தாமே அடுக்கினார். வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்பதையும் அவரே சொன்னார்.