பெரிய இடத்துச் சம்பந்தமும் பங்கு விலையும்

சிறு கம்பனியொன்று பெருங் கம்பனியோடு கூட்டுச் சேர்ந்ததென்ற செய்தி வந்ததும் அதன் பங்குகளை வாங்க விரைவோர் பலர். பெரிய இடத்துச் சம்பந்தம் வாய்த்தால் சிறிய வீட்டின் குறையெல்லாம் தீருமென எண்ணுவது நம் இயல்பன்றோ!

அமெரிக்காவிலே இணையவழித் தொலைபேசித் தொழில் நடத்திய நெற்-ரு-போன் கம்பனியின் கதையை நோக்குவோம். 1999 யூலையில் அதன் பங்கு 15 டொலர் விலையில் முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. 2000 மார்ச்சில், தொலைபேசித் துறையின் பெருந்தனவந்தராகிய ஏ.ரி. அன்ட் ரி. கம்பனி, பங்கொன்றுக்கு 75 டொலர் கொடுத்து அதிற் பங்காளியாக இசைந்தது. இதனினும் சிறந்த நற்செய்தி வேறென்ன வேண்டும்? ஆயினும் தொழில் நட்டத்திலே நடந்தது. அழைப்புக் கட்டணமோ போட்டியினால் குறைந்துகொண்டே போயிற்று. 2006இல், அதனைத் தோற்றுவித்த ஐ.டி.ரி. கம்பனியே எஞ்சிய பங்குகளை ஏறத்தாழ 2 டொலர் விலையில் வாங்கிக்கொண்டது.

கூட்டுச் செய்தி, பணம் வந்ததைச் சொல்லும். இலாபம் வருமென்று சொல்லாது. அதனை நாம் படிக்கும் வேளையில் விலையும் ஏறியிருக்கும். பெருங் கம்பனி நட்டத்தைத் தாங்கும். மகளின் படிப்புக்கென வைத்த பணத்தை இட்ட குடும்பம் தாங்குமா? ஆகவே, செய்தியைப் படித்தபின் கம்பனியின் கணக்கையும் படிப்போமாக. கணக்கு விளங்காவிடின் பணப்பையை மூடிவைத்தலே அறிவுடைமை.