நீரிழிவும் நினைவுத் தளர்ச்சியும்

எனக்கு அறிமுகமான முதியவர் ஒருவர், வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது ஆண்டுகளாக நீரிழிவு நோயுடன் வாழ்ந்து வருபவர். ஒரு நாள் காலையில் வழக்கம்போல் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். சற்று நேரம் கழித்து, போட்டுக்கொண்டோமா இல்லையா என்ற ஐயம் எழவே, மறுபடியும் போட்டுக்கொண்டார். உடல் வியர்த்து, நாக்குழறி அவர் தடுமாறத் தொடங்கியபோது, மனைவியார் சர்க்கரை நீரைப் பருகச் செய்து காப்பாற்றினார். "வயதானால் மறதி வராதா?" என்று சொல்லி வீட்டார் அமைதி கொண்டனர். அந்த அமைதியைப் பற்றித்தான் நேயர்களிடம் சிறிது பேச விரும்புகிறேன்.

நீரிழிவு கண்ணைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், காலில் ஆறாப் புண்ணை உண்டாக்கும் என்பதைப் பலரும் அறிவர். மூளையையும் அது தீண்டும் என்பதை அறிந்தவர் சிலரே. இது புதிய செய்தியும் அன்று. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டே, அதாவது 1922-இல், மைல்ஸ், ரூட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் நீரிழிவு நோயாளரைச் சோதித்து, அவர்களுடைய நினைவும் கவனமும் மங்கியிருப்பதைக் குறித்து வைத்தனர். 1999-இல் வெளிவந்த ராட்டர்டாம் நகர ஆய்வு, 6,000-க்கு மேற்பட்ட முதியோரைத் தொடர்ந்து கவனித்து, நீரிழிவு உள்ளோரிடையே மறதி நோய் ஏறத்தாழ இரு மடங்கு மிகுதியாகத் தோன்றுவதைக் கண்டது. நீரிழிவு உள்ளவர் எல்லோருக்கும் அது வரும் என்பது இதன் பொருளன்று, பெரும்பாலோருக்கு வருவதில்லை. ஆனால் நம் நாட்டில் நீரிழிவு உள்ளோர் பத்துக் கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அத்துணைப் பெரிய கூட்டத்தில் சிறு பங்கும் சிறிதாகாது.

உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. அதற்கு உணவு கொண்டு செல்லும் நுண்ணிய குழாய்கள் பல்லாண்டுச் சர்க்கரையாலும், உடன் சேரும் இரத்தக் கொதிப்பாலும் தடித்து அடைபடுகின்றன. வலி இல்லை, ஆகவே யாரும் அறிவதில்லை. அப்படியானால் சர்க்கரையை இயன்ற மட்டும் தாழ்த்திவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். மிகக் கடுமையாகத் தாழ்த்தினால் சிந்தனைத் திறன் காக்கப்படுமா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சோதித்தனர். 2011-இல் வெளிவந்த முடிவின்படி அவ்வாறு காக்கப்படவில்லை. அச்சோதனையின் கடும் சிகிச்சைப் பகுதியையோ, இறப்பு மிகுந்ததால் 2008-லேயே நிறுத்த நேர்ந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்தவர்களிடம் பின்னாளில் மறதி நோய் மிகுந்திருந்ததை 2009-இல் கலிபோர்னிய ஆய்வொன்று காட்டிற்று. மறதியால் மருந்து பிழைக்கிறது. மருந்துப் பிழையால் மூளை மேலும் நலிகிறது. இச்சுழலைத் தொடக்கத்திலேயே காண்பதுதான் நம் நோக்கம்.

தொடக்கம் பெயர்களை மறப்பதில் இருக்கும் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் அது மந்தமாகவும், படிப்படியாகச் செய்யும் காரியங்களில் தடுமாற்றமாகவும் தலைகாட்டும். நாற்பது ஆண்டு சமைத்த கை, எதை முன்னே இடுவது என்று நிற்கும். நீரிழிவு உள்ளவரிடம் இதைக் கண்டறிய வேறொரு வழியும் உண்டு. ஒழுங்காக இருந்த சர்க்கரை காரணமின்றி ஏறி இறங்குவதும், மாதக் கடைசியில் தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரைகள் மிச்சமிருப்பதும் அத்தகைய அடையாளங்கள். இவற்றை மருத்துவருக்கு முன்பே காண்பவர் வீட்டில் இருப்பவரே.

சோதனையும் எளிது. 2005-இல் வெளிவந்த மாண்ட்ரியல் மதிப்பீடு பத்து நிமிடத்தில் முடிவது. ஐந்து சொற்களை நினைவில் வைத்தல், பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரைதல் முதலியவற்றுக்கு மொத்தம் 30 மதிப்பெண். 26-க்குக் கீழ் வந்தால் மேலும் ஆராய வேண்டும் என்பது வழக்கம். அதுவே நோயின் தீர்ப்பன்று. பென்சிலைப் பிடித்தறியாத நம் பாட்டிமாரை இதனால் அளப்பது நியாயமாகுமா? அரியானாவின் பல்லப்கரில் எழுத்தறியாத முதியோருக்கென ஒரு சோதனையை அமைத்து 1995-இல் வெளியிட்டனர். எழுதுவதற்குப் பதிலாக, தம் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நீரிழிவுள்ளோர் 65 வயதிலிருந்து ஆண்டுதோறும் இத்தகைய சோதனை செய்துகொள்வது நன்று என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பரிந்துரை. காய்ச்சலோ சர்க்கரைத் தாழ்வோ உள்ள நாளில் மட்டும் செய்யலாகாது.

குறை தெரிந்தால், முதலில் தேட வேண்டியவை திருத்தக்கூடிய காரணங்கள்: தைராய்டுக் குறை, மனச்சோர்வு, காது கேளாமை, மெட்பார்மினை நெடுநாள் உண்டதால் நேரும் பி-12 வைட்டமின் குறைவு.

நம் கணக்கருக்கும் பி-12 குறைந்துதான் இருந்தது. அதற்கு மருந்து தந்தனர். நாளுக்கு இருமுறை ஊசி என்பதை ஒருமுறையாக்கினர். சர்க்கரை சற்று மேலே நின்றாலும் சரி, தாழக் கூடாது என்று இலக்கைத் தளர்த்தினர். நினைவு முழுமையாக மீளவில்லை. ஊசி போட்டவுடன் நாட்காட்டியில் ஒரு கோடு இழுப்பது அவர் வேலை. அதைப் பார்த்த பின் மருந்துப் பெட்டியைப் பூட்டுவது மனைவியார் வேலை. இரட்டை ஊசி அதன் பின் நேரவில்லை.