டர்போ காருக்குக் கூடுதல் சாமான்: மலைப்பாதையில் எது பயன், எது வீண்?

சேரங்கோடு, சேரம்பாடி, பந்தலூர் வட்டாரத்தில் கடை நடத்தும் நம் உறுப்பினர் வீடுகளின் முன்னால் அம்பாசிடர் நின்ற காலம் போய்விட்டது. ஸ்லேவியா, விர்டஸ், வெர்னா என்று டர்போ பெட்ரோல் இன்ஜின் பொருத்திய செடான் கார்கள் நம் பக்கமும் வரத் தொடங்கிவிட்டன. கூடலூர் வங்கிக்கும், சுல்தான் பத்தேரி சரக்குக்கும், கோவைக் கொள்முதலுக்கும், ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கும் அதே கார்தான். சாவி அப்பாவிடமிருந்து மகன் கைக்குப் போன மூன்றாவது மாதம் ஒரு கேள்வி எழுகிறது: "இன்னும் கொஞ்சம் பவர் ஏற்றலாமாமே, கோவையில் செய்து தருகிறார்களாம். செய்யலாமா?"

இதுபற்றி எழுதும்படி உறுப்பினர்கள் சிலர் கேட்டுக்கொண்டார்கள். நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மலையில் ஓடும் டர்போ காருக்குச் செலவழிக்கும் முதல் ரூபாய் பிரேக்குக்கும் டயருக்கும் போக வேண்டும். இன்ஜினுக்குக் கடைசி ரூபாய் போதும். நம்மில் பெரும்பாலோருக்கு அந்தக் கடைசி ரூபாயும் தேவைப்படாது. ஏன் என்று பார்ப்போம்.

டர்போ என்பது இன்ஜினிலிருந்து வீணாக வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலும் ஒரு சிறு காற்றாடி. அதன் மறுமுனையில் உள்ள இன்னொரு காற்றாடி, வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. ஒரே சாக்கில் அழுத்தி அழுத்திக் கூடுதல் பஞ்சு அடைப்பது போலத்தான். உள்ளே காற்று கூடினால் அதற்கேற்பப் பெட்ரோலும் கூடும், பலமும் கூடும். சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூஹி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இது மலைக்கு ஏற்ற சாமான் என்பதும் வெகு காலத்துக்கு முன்பே தெரிந்த செய்தி. 1918-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர், ஒரு விமான இன்ஜினை 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் பீக் சிகரத்துக்குக் கொண்டுபோய், டர்போ இருந்தால் அந்த உயரத்திலும் பலம் குறையாது என்று ஓட்டிக் காட்டினார்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத கார் அங்கே அந்த அளவுக்குச் சோர்ந்துபோகும். பழைய கார்களில் நடுவட்டம் ஏற்றம் ஏறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டர்போ கார் அந்தக் குறையைத் தானே ஈடுகட்டிக்கொள்கிறது. ஆனால் ஈடுகட்டுவது சும்மா நடப்பதில்லை. ஒரு கணக்குக்காக, இன்ஜினுக்குள் 2 பார் அழுத்தம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோவையில் வெளிக்காற்றை ஏறக்குறைய 2.1 மடங்கு அமுக்கினால் போதும். ஊட்டியில் 2.6 மடங்கு அமுக்க வேண்டும். அதற்காக, ஏற்கெனவே நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் அந்தக் காற்றாடி இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும்.

கோவையில் செய்யும் ட்யூனிங்கில் உள்ள சூட்சுமம் இதுதான். கோவை மோட்டார் பந்தயத்துக்குப் பேர்போன ஊர். மாருதி இன்ஜினைக் கொண்டு பந்தயக் கார் கட்டிய கரிவர்தன் வாழ்ந்த ஊர். 1995-ல் அவர் மறைந்த பின் அவர் பெயரிலேயே செட்டிப்பாளையத்தில் பந்தயத் தளமும் அமைந்தது. கைதேர்ந்த மெக்கானிக்குகள் அங்கே இருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் 400 மீட்டர் உயரத்தில், சமதளத்தில், மேடையில் நிறுத்தி ஓட்டிப் பார்த்து அழுத்தத்தைக் கூட்டிய வண்டி, அதே அளவைப் பைக்காராவிலும் எட்டப் பார்க்கும். டர்போவின் தாங்குசக்தி அங்கேதான் சோதிக்கப்படும். எனவே, செய்தே தீருவேன் என்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை குதிரை கூடும்?" என்பதல்ல. "2,000 மீட்டருக்கு மேலே அழுத்தம் தானாகக் குறையும்படி ஃபைல் எழுதியிருக்கிறீர்களா?" என்பதுதான். இதற்குப் பதில் சொல்ல முடியாத பட்டறையில் வண்டியை விட வேண்டாம்.

அடுத்தது கியர்பாக்ஸ். ஸ்லேவியா, விர்டஸ் இரண்டிலும் 1.5 லிட்டர் டர்போ இன்ஜின் 250 நியூட்டன் மீட்டர் திருகுவிசை தருகிறது. அதனுடன் வரும் ஏழு கியர் டி.எஸ்.ஜி. உலர் கிளட்ச் வகை. அந்த வகைக்குக் கம்பெனி வைத்த எல்லையும் அதே 250-தான். பத்து மூட்டை தாங்கும் பரணில் பத்து மூட்டை ஏற்றித்தான் நம்மிடம் கொடுத்திருக்கிறார்கள். பதினொன்றாவது மூட்டையை ஏற்றுகிறவர் பரணுக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைக்க வேண்டும். ரீமேப்புக்கு விலை சொல்பவர், கிளட்ச் போனால் ஆகும் விலையைச் சேர்த்துச் சொல்வதில்லை. கியரைக் கையால் மாற்றும் மாடலில் இந்தத் தொல்லை சற்றுக் குறைவு என்றாலும் அங்கேயும் கிளட்ச்தான் முதலில் தேயும்.

சின்னப் பெட்டி ஒன்றை ஒயரில் செருகினால் பவர் கூடும் என்று விற்பது பற்றியும் கேட்டார்கள். சென்சார் அனுப்பும் அளவைக் குறைத்துக் காட்டி இன்ஜின் கம்ப்யூட்டரை ஏமாற்றுவதுதான் அதன் வேலை. தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டி எடை போடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கடை பிக்கப்புக்கு விற்கும் டீசல் பெட்டிகளிலும் இதே தந்திரம்தான் அதிகம். வேண்டாம்.

கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் அதிகம் விலைபோகும் சாமான். பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் அந்த ஃபில்டர், வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எடுப்பதற்குப் பதில் இன்ஜின் சூட்டையே உறிஞ்சும். சூடான காற்று கனம் குறைந்த காற்று. எண்ணெய் தடவும் வகையென்றால், எண்ணெய் கூடிப்போகும்போது காற்றளவு சென்சாரையும் கெடுக்கும். எஸ்டேட் மண் ரோட்டில் ஓடும் வண்டிக்குக் கம்பெனி ஃபில்டரே சிறந்தது. அதைக் கணக்குப்படி மாற்றினால் போதும். "புஸ்" என்று சத்தம் எழுப்பும் வால்வு வெறும் சத்தம். சைலன்சரை மாற்றுவதும் பெரும்பாலும் அப்படியே. அதில் கூடும் பலம் சொற்பம், கூடும் சத்தம் அதிகம். யானை நடமாடும் நம் ரோட்டில் இரவு எட்டு மணிக்கு அந்தச் சத்தம் யாருக்கு வேண்டும்?

இனி பிரேக்குக்கு வருவோம். ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்குவது ஏறக்குறைய 1,150 மீட்டர் இறக்கம். ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதையும் வெப்பமாக மாற்றினால், ஐம்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். இதில் ஒரு பகுதியைக் காற்றும் இன்ஜினும் தடுத்து எடுத்துக்கொள்ளும். மீதி அனைத்தும் நாலு சக்கரத்து பிரேக்கில்தான் இறங்குகிறது. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இது இன்னும் கடுமை, ஏனென்றால் சூடு ஆற இடைவெளியே கிடைப்பதில்லை.

சூடேறிய பேடு பிடிமானத்தை இழக்கும். அதைவிடக் கெட்டது பிரேக் ஆயில் கொதிப்பது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் பொருள். டாட் 4 தரத்துக்கு விதித்த குறைந்தபட்சக் கொதிநிலை, புதியதாக இருக்கையில் 230 டிகிரி. ஈரம் ஏறிய பின் 155 டிகிரி மட்டுமே. தேவாலா, பந்தலூர் மழையை அறிந்தவர்களுக்கு ஈரம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. உப்பு மூட்டையை ஆனி, ஆடியில் திறந்து வைத்துப் பார்த்தவர்கள் நாம். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகி, மிதித்த பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. சமவெளியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் ஆயிலை நம் பக்கம் ஆண்டுதோறும், மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடுவது நல்லது. ஆயில் விலை சில நூறு ரூபாய்தான். டாட் 5.1 கிடைத்தால் இன்னும் மேல், அதன் கொதிநிலைகள் 260, 180. டாட் 5 என்று மட்டும் போட்டிருந்தால் வாங்கக் கூடாது. அது சிலிகான் வகை, நம் கார்களுக்குப் பொருந்தாது.

பேடு மாற்றும்போது அதிகச் சூடு தாங்கும் சாலை வகையைக் கேளுங்கள். பந்தய பேடு வேண்டாம். அது சூடேறினால்தான் பிடிக்கும், காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் முதல் வளைவில் பிடிக்காது. தரமான டிஸ்க், நல்ல பேடு, புது ஆயில் மூன்றும் சேர்ந்தாலும் ஒரு ரீமேப்புக்கு ஆகும் செலவு பெரும்பாலும் ஆகாது. ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் இறக்கத்தில் கையால் மாற்றும் நிலைக்குக் கொண்டுவந்து இரண்டாவது கியரில் வையுங்கள். இதற்குச் செலவே இல்லை.

டயரில் செய்யும் மாற்றம் ஓட்டுகிறவருக்கு உடனே தெரியும். ஸ்லேவியாவுக்கும் விர்டஸுக்கும் 205/55 ஆர் 16 அளவு வருகிறது. 17 அங்குல அலாய் வீலுக்குப் போக விரும்பினால் 205/50 ஆர் 17 போட்டால் மொத்த உயரம் ஒரு சதவீதத்துக்குள்தான் மாறும், ஸ்பீடோமீட்டர் கெடாது. ஆனால் டயரின் பக்கச்சுவர் மெலிவதால், நாடுகாணி பக்கத்துக் குழிகளில் வீல் நெளியும். நாங்கள் சொல்வது, அதே 16 அங்குலத்தில் ஈரச்சாலைப் பிடிமானம் நன்றாக உள்ள டயராகப் பார்த்து வாங்குங்கள் என்பதே. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பூ இருந்தால் போதும். மலை மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும். காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் பற்றி எழுத ஒன்றுமில்லை. எஸ்டேட் ரோட்டை ஒருமுறை பார்த்தவர் அதை வாங்கமாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறுபடும் விதத்தில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தத்துக்கும் புகைக்கும் 10,000 ரூபாய் வரை தனியாக உண்டு. அபராதத்தைக் கட்டிவிடலாம். இன்சூரன்ஸ்தான் உண்மையான ஆபத்து. சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்ணில் பட்டால், க்ளெய்மை மறுக்கக் கம்பெனிக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். பத்து, பதினைந்து லட்ச ரூபாய் முதலைக் காப்பீடு இல்லாமல் கொட்டகையில் வைக்க நம்மில் எவரும் சம்மதிப்பாரா? வாரண்டி இருக்கும் காலத்தில் இன்ஜின் ஃபைலை மாற்றினால் ஷோரூம் கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்துவிட வாய்ப்பு அதிகம்.

இத்தனையும் படித்த பிறகும் செய்வதென்று முடிவெடுத்தவர்கள், வாரண்டி முடிந்த பின் செய்யட்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துமூலம் தெரிவித்து ஒப்புதல் நகலை வைத்துக்கொள்ளட்டும். பழைய ஃபைலைத் திரும்பப் போட்டுத் தருவதாகப் பட்டறையிடம் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். கழற்றிய கம்பெனிச் சாமான்கள் நம்முடையவை. அவற்றைப் பட்டறையில் விட்டுவராமல் டிக்கியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.