முதியோர் இல்லங்களைக் கண்காணிப்பது யார்?

எமது குடாநாட்டில் முதியோரைப் பராமரிப்பது ஒரு காலத்தில் வீட்டுக் காரியமாகவே இருந்தது. போரும் இடப்பெயர்வும் வெளிநாட்டுப் பயணங்களும் பல வீடுகளில் வயோதிபரைத் தனித்திருக்கச் செய்தன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் 100 பேருக்கு 12 பேருக்கு மேற்பட்டோர் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். கைதடி அரச முதியோர் இல்லத்தோடு, சமய நிறுவனங்களும் தனியாரும் நடத்தும் இல்லங்களும் இன்று முதியோரைப் பராமரிக்கின்றன. இவை பாதுகாப்பானவையா என்பதைப் பார்ப்பது யார்?

சிறுவர் இல்லங்களைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1941இலேயே வந்துவிட்டது. முதியோர் உரிமைகளுக்கெனத் தனிச் சட்டம் 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. அவ்வாண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், முதியோர் இல்லம் நடத்துவோர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. 1987இன் 13ஆவது திருத்தத்தின் பின் சமூக சேவை மாகாணங்களுக்கும் உரிய பொறுப்பாகியது. குசினி, குடிநீர், மலசலகூடம் என்பன பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கண்ணுக்குரியவை.

கண்காணிப்புத் தவறினால் என்ன நேரும்? தமிழ்நாட்டின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். நோயாளரைச் சங்கிலியிடும் வழக்கம் அங்கு ஊரறிந்ததே. அறிந்திருந்தும் தடுப்பார் இருக்கவில்லை.

எமது உறவினர் பலர் வாழும் இங்கிலாந்தில் 2009 முதல் ஓர் ஆணைக்குழு இப்பணியைச் செய்கிறது. அதன் பரிசோதகர்கள் பெரும்பாலும் முன்னறிவித்தலின்றியே செல்கின்றனர். இல்லம் பாதுகாப்பானதா, பராமரிப்பால் பயன் உண்டா, அன்பு காட்டப்படுகிறதா, அவரவர் தேவைக்குச் செவிசாய்க்கப்படுகிறதா, நிர்வாகம் சீரானதா என ஐந்து கேள்விகளைக் கேட்டு, நான்கு தரங்களுள் ஒன்றை வழங்குகின்றனர். அறிக்கை பகிரங்கமாக வெளியிடப்படுகிறது. தாயைச் சேர்க்கப் போகும் மகன் முதலில் அதனை வாசிக்கலாம்.

இங்கே நாம் பார்க்க வேண்டியவை எவை? பதிவேடுகள் மட்டும் போதா. இரவில் எத்தனை பேர் கடமையில் உள்ளனர்? கதவு வெளியே பூட்டப்பட்டால் திறப்பு யாரிடம்? படுக்கையாய்க் கிடப்பவரைத் தீ வேளையில் தூக்குவது யார்? மருந்து யாருக்கு, எந்நேரம் கொடுக்கப்பட்டது என எழுதப்படுகிறதா? மலசலகூடத்தில் பிடிகம்பி உண்டா? எமது சுண்ணாம்புக் கல் நிலத்தில் கழிவு விரைவாகக் கீழிறங்கிவிடும். ஆகவே மலக்குழி கிணற்றுக்குக் கிட்டவாக இருக்கிறதா? முதுகில் படுக்கைப் புண் உண்டா? அதைப் பார்க்க ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கத்தான் வேண்டும்.

முதியவரிடம் தனியே பேசுவதும் அவசியம். பராமரிப்பவர் அருகில் நிற்கும்போது, "குறையொன்றுமில்லைத் தம்பி" என்றே அவர் சொல்வார். அங்கேதானே அன்றிரவும் அவர் படுக்க வேண்டும்!

அதிகாரி வருடத்தில் சில நாள்களே வரமுடியும். மற்ற நாள்கள் எம்முடையவை. பங்கு மக்களும் இளைஞர் மன்றத்தினரும் மாதர் சங்கத்தினரும் முறைவைத்துப் போகலாம். நத்தாருக்கும் பொங்கலுக்கும் சோற்றுப் பொதியோடு போய்ப் படம் எடுத்து வருவதோடு கடமை முடிந்துவிடாது. சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில், சாப்பாட்டு வேளையில் போவோம். கண்ட குறையை முதலில் நிர்வாகத்திடம் சொல்வோம். திருந்தாவிடில் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தருக்கு எழுத்தில் கொடுப்போம். திருச்சபை நடத்தும் இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. அவை தம் கதவை முதலில் திறந்து வைக்கட்டும்.